எட்டு பிட் கண்மாய்

அறந்தாங்கியிலிருந்து மணமேல்குடி போகும் ரோட்டில் பாதி வழியில் இறங்கி மேற்கே மூன்று கிலோமீட்டர் போனால் செங்கரைவயல். அந்த ஊரில் அமுதவல்லியைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் போன ஆவணி மாதம் வரைக்கும் அரசாங்கத்துக்கு அவளைத் தெரியாது. கண்மாய்க் கரைக்குக் கீழே மூன்று ஏக்கர் நஞ்சை, இரண்டு எருமை, குவைத்தில் ஏசி மெக்கானிக்காக இருக்கும் புருஷன் என்று அவள் பாட்டுக்கு இருந்தாள். ப்ளஸ் டூ பாஸ் செய்திருந்தாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

அதற்கு ஒரு வருஷம் முன்பு மாவட்ட மின்னணு நீர்மட்ட வாரியம் என்ற ஒன்று புதுக்கோட்டையில் புதிதாக முளைத்திருந்தது. மாவட்டத்தில் உள்ள ஆயிரக்கணக்கான கண்மாய்களில் எதை முதலில் மின்னணு ஆக்குவது என்று வாரியம் ஆறு மாதம் யோசித்தது. ஆய்வுக்குப் போன ஜீப் செங்கரைவயலில் பழுதாகி நின்றது. நின்ற இடத்தில் ஒரு கண்மாய் இருந்தது. அப்படியாக அது முடிவாயிற்று.

கண்மாய்க்கு ஐந்து ஷட்டர்கள். முதல் இரண்டும் வயலுக்குத் தண்ணீர் விடுகிற மடைகள். மற்ற மூன்றும் வெள்ளக் காலத்தில் உபரித் தண்ணீரை வெளியேற்றுவதற்காகக் கலிங்கில் இருப்பவை. இவ்வளவு நாளும் இரும்புக் கைப்பிடியைச் சுற்றித்தான் ஷட்டர்களை ஏற்றி இறக்கினார்கள். வாரியம் ஐந்துக்கும் மோட்டார் பொருத்தியது. மடைத் தூணிலிருந்து ஒரு கறுப்பு ஒயரைத் தொங்கவிட்டு, அதன் நுனியில் இருந்த பித்தளைக் குமிழைக் கண்மாயின் அடித்தரையில் இறக்கியது. தனக்கு மேலே எத்தனை சென்டிமீட்டர் தண்ணீர் நிற்கிறது என்று குமிழ் சொல்லும். கரையில் உள்ள பச்சைப் பெட்டி அதைக் கேட்டுக்கொண்டு, புதுக்கோட்டைக்கும் அமுதவல்லியின் செல்போனுக்கும் எண்ணாக அனுப்பும். இருநூற்றைம்பது சென்டிமீட்டர் ஆகிவிட்டால் கலிங்கு ஷட்டர்கள் தாமாகத் திறக்கும். அதற்குக் கீழே இறங்கினால் தாமாக மூடிக்கொள்ளும். ஐம்பதுக்குக் கீழே போனால் வறட்சி. அப்போது யார் சொன்னாலும் எந்த ஷட்டரும் திறக்காது.

திறப்பு விழாவுக்கு வாரியத்தின் செயல் அலுவலர் ஆத்மநாதன் வந்திருந்தார். நல்ல மனிதர். வெயிலில் கோட் போட்டுக்கொண்டு வந்து, கழற்றாமல் முக்கால் மணி நேரம் பேசினார்.

"அந்தக் காலத்தில் கண்மாய் நிரம்பிவிட்டதா என்று தெரிந்துகொள்ள மக்கள் கண்மாயைப் போய்ப் பார்த்தார்கள்" என்றார். "அந்த அவலம் இன்றோடு ஒழிந்தது. இனிமேல் கண்மாயைப் பார்க்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. இந்தப் பெட்டி நீர்மட்டத்தை எட்டே எட்டு பிட்டில் அடக்கிவிடுகிறது. பதினாறு பிட் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் சம்மதிக்கவில்லை. போன கோடையில் நானே நேரில் வந்து அளந்தேன். தண்ணீர் நாற்பது சென்டிமீட்டர்தான் இருந்தது. நாற்பது சென்டிமீட்டருக்கு எட்டு பிட்டே அதிகம். இருந்தாலும் பெருந்தன்மையாகக் கொடுத்திருக்கிறோம்."

பிட் என்றால் என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியவில்லை. பரீட்சையில் ஒளித்துவைத்து எழுதுகிற பிட்டாக இருக்கும் என்று அமுதவல்லி நினைத்துக்கொண்டாள். கடைசியில் அவள் பெயரைக் கூப்பிட்டு, ஊரில் ப்ளஸ் டூ படித்து வயலிலும் நிற்கிற ஒரே ஆள் என்பதால் கருவிப் பொறுப்பாளராக நியமித்தார்கள். ஐந்து இரும்புக் கைப்பிடிகளும் தேவையற்ற பொருட்கள் என்று எழுதப்பட்டு, அதே ஜீப்பில் புதுக்கோட்டை ஸ்டோருக்குப் போயின.

ஐப்பசி பிறந்தது. முதல் மடையை ஒட்டிய அமுதவல்லியின் வயலுக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. அவள் செல்போனில் ஷட்டர் எண் ஒன்று என்பதைத் தொட்டாள். 'திறக்கப்பட்டது' என்று பச்சையாக வந்தது. வாய்க்காலில் போய் நின்றாள். தண்ணீர் வரவில்லை. கால் மணி நேரம் கழித்து மேற்குப் பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. திறந்திருந்தது இரண்டாவது ஷட்டர். அந்தத் தண்ணீர் நேராக மேற்கு வயல்காரர் அடைக்கலத்தின் நாற்றங்காலுக்குள் போய்விட்டது.

அடைக்கலம் சத்தம் போடுகிற ஆள் இல்லை. நாற்றங்காலில் மிதந்த விதை நெல்லைத் துண்டில் அள்ளிக்கொண்டு வந்து, அவள் வாசலில் துண்டை விரித்துப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் திட்டியிருந்தால்கூட அமுதவல்லிக்குத் தேவலாம் போலிருந்தது. மறுநாள் காலையில் முதல் பஸ் பிடித்துப் புதுக்கோட்டைக்குப் போனாள்.

வாரிய அலுவலகத்தில் அவளுடைய புகாரைப் புரிந்துகொண்டவன் ஒருவன்தான். மணமேல்குடிக்காரன், பெயர் சூசைராஜ். ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற புரோகிராமர். பெட்டிக்குள் ஓடுகிற நிரலை அவன் எழுதவில்லை. எழுதியவர்கள் போய்விட்டார்கள். அவன் அதைப் பார்த்துக்கொள்ள வந்தவன். பார்த்துக்கொள்ளலாம், தொடக்கூடாது என்று அவனுடைய நியமன ஆணையில் இருந்தது.

"அக்கா, பெட்டிக்குள்ள ஷட்டருக்கு ஒண்ணு ஒண்ணா வரிசையா சுவிட்சு இருக்குன்னு வைங்க. அந்த ஒவ்வொரு சுவிட்சுதான் பிட்டு" என்றான். "நம்ம மொத சுவிட்சை ஒண்ணும்போம். கம்ப்யூட்டர் சைபர்னு சொல்லும். நீங்க ஒண்ணைத் தொறன்னா அது ரெண்டாவதைப் புடிச்சுத் தூக்கும்."

"அப்ப அஞ்சைத் தொறன்னா?"

"ஆறாவதைத் தொறக்கும்."

"ஆறாவது இல்லையே தம்பி."

"இல்லாததைத் தொறந்துட்டு, தொறந்தாச்சுன்னு சொல்லும். அதுக்கென்ன தெரியும்."

அவன் திரையில் ஒரு வரியைக் காட்டினான். அதற்கு மேக்ரோ என்று பெயராம். இன்ன எண் சுவிட்சைப் போடு என்பதற்கான சுருக்கெழுத்து. நிரலில் எங்கெல்லாம் ஷட்டர் வருகிறதோ அங்கெல்லாம் இந்த வரிதான் வந்து வேலை செய்கிறது. இதில் மைனஸ் ஒன்று என்று சேர்த்துவிட்டால் எல்லா இடத்திலும் சரியாகிவிடும், ஒரு நிமிஷ வேலை என்றான். அமுதவல்லி அங்கேயே உட்கார்ந்து அந்த ஒரு நிமிஷத்தைப் பார்த்துவிட்டுப் போவதாகச் சொன்னாள். அவன் சிரித்துவிட்டு, அவளை ஆத்மநாதனின் அறைக்கு அழைத்துப் போனான்.

ஆத்மநாதன் பொறுமையாகக் கேட்டார். பிறகு விளக்கினார். வாரியத்தின் நிரல் தொழில்நுட்பக் குழுவால் ஒருமனதாக ஏற்கப்பட்டது. எனவே அதில் பிழை இருக்க வாய்ப்பில்லை. அதுவும் போக, நிரலில் மைனஸ் என்று எழுதினால் வாரியம் எதையோ குறைத்துவிட்டது என்று தணிக்கையில் கேட்பார்கள்.

"பெட்டி பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறது. கண்மாய் ஒன்றிலிருந்து எண்ணுகிறது" என்றார். "அப்படியானால் குறை கண்மாயில்தான். அங்கே பூஜ்ஜியமாவது ஷட்டர் இல்லை. நாம் கழிக்க வேண்டாம் அம்மா, கூட்டுவோம். கூட்டுவதுதான் வளர்ச்சி."

இருபதே நாளில் முதல் ஷட்டருக்குப் பக்கத்தில் கரையின்மேல் ஒரு சிமெண்ட் சட்டம் எழுந்தது. அதில் நீல நிற இரும்புத் தகடு. தகட்டுக்குப் பின்னால் ஓட்டை இல்லை, வாய்க்கால் இல்லை, வெறும் மண்கரைதான். தகட்டில் வெள்ளைப் பெயிண்டில் 'ஷட்டர் எண் 0' என்று எழுதி ரிப்பன் வெட்டினார்கள். செல்போனில் பூஜ்ஜியத்துக்கு ஒரு பொத்தானும் வந்தது. அதைத் தொட்டால் முதல் ஷட்டர் திறந்தது. வாரியம் இதைத் தன் முதல் வெற்றியாக ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொண்டது. அடைக்கலம் தன் ஆட்டை அந்தச் சட்டத்தில் கட்டினார். அமுதவல்லி எல்லாவற்றிலும் ஒன்றைக் கழித்துக்கொள்ளப் பழகினாள். சந்தையில் மூன்று கிலோ தக்காளி கேட்கப்போய் இரண்டு என்று வாயில் வந்தது.

கார்த்திகை மாதம் கடலில் புயல் உருவாகி மூன்று நாள் விடாமல் பெய்தது. கண்மாய் ஒரு நாளைக்கு ஒரு முழம் ஏறியது. நான்காம் நாள் விடிந்ததும் செல்போனில் இருநூற்றைம்பது வந்தது. கலிங்கில் நான்காவதும் ஐந்தாவதும் ஷட்டர்கள் தாமாகத் திறந்தன. மூன்றாவது திறக்கவில்லை. அதற்குப் பதிலாக இல்லாத ஆறாவதைத் திறந்துவிட்டதாகப் பெட்டி சொன்னது. அமுதவல்லி ஒன்றைக் கழித்து இரண்டு என்பதைத் தொட்டு மூன்றாவதைத் தானே திறந்தாள். மூன்று வழியிலும் தண்ணீர் நுரைத்துக்கொண்டு ஓடியது. ஆனாலும் மேலே இருக்கிற கண்மாய்கள் நிரம்பி வழிந்து வந்த தண்ணீர் அதைவிட அதிகமாக இருந்தது. இருநூற்று ஐம்பத்து மூன்று. ஐம்பத்து நான்கு. ஐம்பத்தைந்து.

காலை ஏழு மணிக்கு அவள் கையில் இருந்த செல்போன் பூஜ்ஜியம் என்று காட்டியது.

அவள் துடைத்துவிட்டுப் பார்த்தாள். பூஜ்ஜியம்தான். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மோட்டார்கள் முனகின. திறந்திருந்த மூன்று ஷட்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி மூடிக்கொண்டன. கலிங்குக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது. செல்போனில் சிவப்பு எழுத்தில் ஒரு செய்தி வந்தது: 'கண்மாய் வறண்டுவிட்டது. தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்தவும்.'

பூஜ்ஜியம் தொடங்கி நான்கு வரை எல்லாப் பொத்தான்களையும் தொட்டுப் பார்த்தாள். வறட்சிக் காலத்தில் திறக்க இயலாது என்றே எல்லாம் சொன்னது. அடைக்கலமும் நாலைந்து பேரும் கடப்பாரையால் ஷட்டரை நெம்பிப் பார்த்தார்கள். மோட்டார் பிடித்த பிடியை விடவில்லை. பிறகு ஊரே கரைக்கு வந்து சிமெண்ட் சாக்கில் மண் அள்ளி அடுக்கியது. கரையின் உயரம் முந்நூற்று இருபது சென்டிமீட்டர். கரைக்குக் கீழே நூற்றுப் பத்து வீடுகள். அதில் முதல் வீடு அமுதவல்லியுடையது.

பதினோரு மணிக்கு வாரியம் வந்தது. இதுவரை எதற்கும் அது அவ்வளவு வேகமாக வந்ததில்லை. ஜீப்பில் ஆத்மநாதன், பின்னால் ஒரு தண்ணீர் லாரி. மேலே 'வறட்சி நிவாரணம்' என்று பேனர் கட்டியிருந்தது. மழையில் பேனரின் சாயம் கரைந்து லாரியின் முகமெல்லாம் நீலமாக வழிந்தது. டிரைவர் கருப்பன் இறங்கி, கரையின் விளிம்பில் தளும்பிக்கொண்டிருந்த கண்மாயைப் பார்த்தார். பிறகு தன் லாரியைப் பார்த்தார்.

ஆத்மநாதன் குடை பிடித்துக்கொண்டு கரையில் நின்று கையில் இருந்த டேப்லெட் கணினியைப் பார்த்தார். முப்பத்தொன்று என்று காட்டியது. உண்மையில் தண்ணீர் இருநூற்று எண்பத்தேழில் இருந்தது. அவருடைய ஷூவுக்கு ஒரு அடி கீழே அலை அடித்தது.

அமுதவல்லி ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள். கண்மாய் நிரம்பிவிட்டது, ஷட்டரைத் திறக்கச் சொல்லுங்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். அவர் அவளுக்கும் சேர்த்துக் குடையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க சொல்றது உங்க கண்ணு சொல்றது. கண்ணுங்கிறது தனிநபர் கருத்து. கருவி சொல்றதுதான் வாரியத்தோட கருத்து."

"கரை ஒடஞ்சா எங்க வீட்டுக்குள்ள தண்ணி வருமே, அது யாரு கருத்துங்க சார்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். நல்ல கேள்வி, எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள் என்றார்.

பழைய கைப்பிடிகளையாவது கொடுங்கள் என்று அவள் கேட்டாள். அவை புதுக்கோட்டை ஸ்டோரில் எண்ணெய் போட்டுப் பத்திரமாக இருப்பதாகச் சொன்னார். வெள்ளம் என்றால் உடனே கொடுக்க விதியிலேயே இடம் இருக்கிறது. வெள்ளம் என்றால் கருவி இருநூற்றைம்பதுக்கு மேல் காட்டவேண்டும். இப்போது காட்டுவது முப்பத்தொன்று. முப்பத்தொன்றுக்கு வாரியத்தால் தரமுடிந்தது ஒரு லாரித் தண்ணீர். அதைத் தயக்கமில்லாமல் கொண்டுவந்திருக்கிறார்.

கருப்பன் குழாயைக் கண்மாய்க்குள் விட்டுத் திறந்தார். அடித்துப் பெய்கிற மழையில், நிரம்பி நிற்கிற கண்மாய்க்குள் லாரித் தண்ணீர் விழுந்தது. உடன் வந்தவர் படம் எடுத்தார். மண் சாக்கோடு நின்றிருந்த ஊர்க்காரர்கள் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அடைக்கலம் கருப்பனிடம் போய், எங்கிருந்து தண்ணீர் பிடித்தீர்கள் என்று மரியாதையாக விசாரித்தார்.

"இந்தக் கண்மாய் வாய்க்கால்லதான் புடிச்சேன்" என்றார் கருப்பன். "ஊத்தச் சொன்னாங்க, ஊத்துறேன்."

லாரி பாதி காலியானபோது கருவி முப்பத்திரண்டு ஆயிற்று. மழைத் தண்ணீர்தான் ஏறியிருந்தது. ஆத்மநாதன் முகம் மலர்ந்தார். நிவாரணம் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது என்று நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

அமுதவல்லி மடைத் தூணுக்குப் போகும் சின்னப் பாலத்தில் நின்றுகொண்டு சூசைராஜைப் போனில் கூப்பிட்டாள். அவள் நடந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குப் புரிந்துவிட்டது.

"வண்டி மீட்டர் பாத்திருக்கீங்கல்ல அக்கா? எல்லாம் ஒம்பதா ஓடி முடிஞ்சதும் அடுத்த கிலோமீட்டர்ல மறுபடியும் எல்லாம் சைபராயிரும். அதுக்காக வண்டி புதுசாயிருமா? இதுவும் அதேதான். எட்டு சுவிட்சை எப்புடி மாத்தி மாத்திப் போட்டாலும் இருநூத்தி அம்பத்தஞ்சுக்கு மேல எண்ண முடியாது. அடுத்தது சைபர்."

அப்படியென்றால் இனி எவ்வளவு ஏறினாலும் அது ஒன்று, இரண்டு என்றுதான் எண்ணும். கரை உடைகிறபோதுகூடக் கண்மாய் அறுபத்து நாலு என்றுதான் சொல்லும். தன் கையில் நிரல் இருக்கிறது, ஆனால் அதை மாற்றும் கடவுச்சொல் ஆத்மநாதனின் பீரோவில், சாவியோ அவருடைய சட்டைப் பையில் என்று சூசைராஜ் சொன்னான்.

அமுதவல்லி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"தம்பி, மீட்டர் பின்னாடி ஓடுனா?"

"என்னக்கா?"

"தண்ணி ஒரு முப்பத்தஞ்சு சென்டிமீட்டர் கொறஞ்சா பொட்டி என்ன காட்டும்?"

"இருநூத்தி அம்பது சொச்சம் காட்டும். ஷட்டர் தன்னால தொறந்துக்கும். ஆனா தண்ணி எறங்கினாத்தான காட்டும், ஷட்டர் தொறந்தாத்தான தண்ணி எறங்கும்."

"தண்ணி எறங்குனா என்ன, குமிழு ஏறுனா என்ன? மேல நிக்கிற தண்ணியத்தான அது எண்ணுது."

போனில் பேனா காகிதத்தில் கீறுகிற சத்தம் கேட்டது.

"அக்கா" என்றான் சூசைராஜ், "ப்ளஸ் டூல நீங்க என்ன குரூப்பு?"

"காமர்ஸ். எவ்வளவு தூக்கணும், அத மட்டும் சொல்லு."

குமிழின் ஒயர் தூணில் ஒரு கொக்கியில் தொங்கியது. அவள் அதைக் கொக்கியிலிருந்து எடுத்து மெல்ல மேலே இழுத்தாள். தண்ணீர் அதற்குள் இருநூற்றுத் தொண்ணூறுக்கு வந்திருந்தது. பெட்டி முப்பத்து நாலு காட்டியது. சூசைராஜ் புதுக்கோட்டையில் திரையைப் பார்த்துப் போனில் எண்ணினான். இருபத்தெட்டு. பத்தொன்பது. பதினொன்று. ஐந்து.

கரையில் ஆத்மநாதன் பதறிப்போனார். கண்ணெதிரே கண்மாய் வற்றிக்கொண்டிருந்தது. கருப்பனை வேகமாக ஊற்றச் சொன்னார். இன்னும் இரண்டு லாரிகளுக்குப் போன் போட்டார். இரண்டு. ஒன்று. பூஜ்ஜியம். அவர் குடையைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னும் ஒரு வெரக்கடை" என்றான் சூசைராஜ். அமுதவல்லி இன்னும் ஒரு விரற்கடை தூக்கினாள்.

இருநூற்று ஐம்பத்தைந்து.

பெட்டியில் வெள்ளச் சைரன் கத்தியது. கலிங்கில் நான்காவது ஷட்டர் முனகிக்கொண்டு எழுந்தது, பிறகு ஐந்தாவது. அமுதவல்லி ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டு, மறு கையால் செல்போனில் இரண்டைத் தொட்டாள். மூன்றாவதும் எழுந்தது. மூன்று வழியாகவும் பாய்ந்த தண்ணீரின் சத்தத்தில் கரையில் நின்றவர்கள் பேசுவது கேட்கவில்லை. அடைக்கலம் மண் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். யாரோ ஒரு பெண் அழுதாள்.

கண்மாய் இறங்க இறங்கக் குமிழையும் இறக்கவேண்டியிருந்தது. இல்லாவிட்டால் எண் இருநூற்றைம்பதுக்குக் கீழே போய் ஷட்டர் மூடிக்கொள்ளும். அமுதவல்லி அந்தப் பாலத்திலேயே மாலை வரை உட்கார்ந்து ஒயரை விரல் விரலாக விட்டாள். கருப்பன் லாரியிலிருந்து தார்ப்பாய் கொண்டுவந்து அவள் தலைக்கு மேலே கட்டினார். வீடுகளிலிருந்து சோறு வந்தது. இடது கையால் சாப்பிட்டாள். மழை மூன்று மணிக்கு விட்டது. ஐந்து மணிக்குக் குமிழ் பழையபடி தரையைத் தொட்டது. அப்போது கண்மாய் உண்மையாகவே இருநூற்று ஐம்பத்திரண்டில் இருந்தது. கை மரத்துப்போய் விரல்களை விரிக்க முடியவில்லை. அவளுக்கு அதைவிடச் சந்தோஷமான நாள் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

வாரியத்தின் அறிக்கை மறுவாரம் வந்தது. அதில் எழுதியிருந்ததில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. வறண்டிருந்த செங்கரைவயல் கண்மாயில் முற்பகல் பதினொன்று பத்துக்கு லாரித் தண்ணீர் ஊற்றப்பட்டது. பதினொன்று ஐம்பதுக்குக் கருவி இருநூற்று ஐம்பத்தைந்து காட்டியது. எனவே ஒரே லாரித் தண்ணீரில் ஒரு கண்மாய் முழுவதும் நிரம்பியது. உபரித் தண்ணீர் கடலுக்கு விடப்பட்டது. ஆத்மநாதனுக்குப் புதுக்கோட்டையில் பாராட்டு விழா நடந்தது. ஒரு கண்மாய்க்கு ஒரு லாரி என்ற திட்டத்தால் மாவட்டத்தின் பாசனப் பிரச்சினை இருநூறு நாளில் தீர்ந்துவிடும் என்று அவர் பேசினார். கருப்பனுக்குச் சால்வை போட்டார்கள். அவர் அதை லாரி சீட்டில் விரித்துக்கொண்டார்.

அமுதவல்லிக்கு அழைப்பு வரவில்லை, அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. அவள் கவலையெல்லாம் அடுத்த மழை. சூசைராஜும் சும்மா இருக்கவில்லை. தொடக்கூடாத நிரலைத் தொடச் சொல்லி அனுமதி கேட்டு எழுதினான். நீர்மட்டத்துக்கு எட்டு பிட் போதாது, பதினாறு வேண்டும். ஷட்டர் மேக்ரோவுக்கு ஒரு மைனஸ் ஒன்று வேண்டும்.

தொழில்நுட்பக் குழு கூடியது. மைனஸ் ஒன்று உடனடியாக நிராகரிக்கப்பட்டது. பூஜ்ஜிய ஷட்டரைக் கட்டித் திறந்தாகிவிட்டது, அதை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? பதினாறு பிட் பற்றி மூன்று மணி நேரம் விவாதம் நடந்தது. கரையின் உயரமே முந்நூற்று இருபதுதான், அதை எண்ண ஒன்பது பிட் போதும் என்று ஒருவர் காகிதத்தில் போட்டுக் காட்டினார். அப்படியானால் ஒன்பது பிட் கொடுப்போம் என்று ஆத்மநாதன் முடிவு சொன்னார். சூசைராஜ் எழுந்து, கணினியில் எட்டு இருக்கிறது, பதினாறு இருக்கிறது, ஒன்பது என்று ஒன்று வருவதில்லை என்றான். அதற்கு ஆத்மநாதன், "கேட்டதில் பாதிக்குமேல் கொடுக்கிறோம் தம்பி, அதற்குமேல் பிடிவாதம் கூடாது" என்றார்.

சூசைராஜ் உட்கார்ந்தான். அன்று மாலை கோப்பில் வேறு மாதிரி எழுதினான்: 'ஒன்பது பிட் பயன்பாட்டில். ஏழு பிட் இருப்பில்.' இருப்பு என்ற சொல்லைப் பார்த்ததும் குழுவுக்கு நிம்மதியாகிவிட்டது. இருப்பில் இருப்பது வீண் ஆகாது. ஒரு கேள்வியும் இல்லாமல் கையெழுத்தானது. மறுநாளே பெட்டி பதினாறு பிட்டில் எண்ண ஆரம்பித்தது. மார்கழியில் இன்னொரு மழை வந்தபோது இருநூற்று ஐம்பத்தாறுக்கு இருநூற்று ஐம்பத்தாறு என்றே காட்டியது. அமுதவல்லி அந்த எண்ணை செல்போனில் படம் பிடித்துக் குவைத்துக்கு அனுப்பினாள். புருஷனுக்கு அது என்ன படம் என்று விளங்கவில்லை. ஆனாலும் நன்றாக இருக்கிறது என்று பதில் போட்டான்.

ஆனால் இருப்பு என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு ஒரு பதிவேடும் வந்துதானே ஆகவேண்டும். தை பிறந்ததும் கெட்டி அட்டை போட்ட ஒரு நோட்டு செங்கரைவயலுக்கு வந்து சேர்ந்தது. கருவிப் பொறுப்பாளர் தினமும் காலையில் ஏழு பிட்டுகளும் பெட்டியில் பத்திரமாக உள்ளனவா என்று சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். அவை எப்படி இருக்கும் என்று அமுதவல்லி போனில் கேட்டாள். ஏழும் பூஜ்ஜியமாக இருக்கும் அக்கா, பார்க்கமுடியாது என்றான் சூசைராஜ். அவள் தினமும் 'ஏழும் பூஜ்ஜியமாகவே இருக்கின்றன, குறைவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

அறுவடை வந்தது. அந்த வருஷம் நல்ல விளைச்சல். ஆள் கிடைக்காமல் அவளும் அடைக்கலமும் ஒருவர் வயலில் ஒருவர் மாற்றி மாற்றி அறுத்தார்கள். அந்த ஓட்டத்தில் இரண்டு நாள் நோட்டில் கையெழுத்துப் போட மறந்துவிட்டாள். அடுத்த தபாலில் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. குறிப்பிட்ட இரண்டு நாட்களும் இருப்பில் இருந்த ஏழு பிட்டுகள் எங்கே இருந்தன என்பதற்கு மூன்று தினங்களுக்குள் விளக்கம் தரவேண்டும் என்று கேட்டிருந்தது.

அமுதவல்லி கதிர்க்கட்டின்மேல் உட்கார்ந்து, முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதினாள்: 'ஐயா, அறுப்புக்கு ஆள் பற்றாக்குறையாக இருந்ததால் ஏழு பேரையும் வயலுக்கு அழைத்துப் போயிருந்தேன். சாயந்திரம் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டேன்.'

பதில் பத்து நாளில் வந்தது. அவளுடைய விளக்கத்தை வாரியம் ஏற்றுக்கொண்டிருந்தது. இனிவரும் காலங்களில் முன் அனுமதி பெற்றே அழைத்துச் செல்லவேண்டும் என்றும், வெயில் நேரத்தில் வேலை வாங்கக் கூடாது என்றும் ஆத்மநாதன் பச்சை மையில் கையெழுத்திட்டிருந்தார்.